சுருள் காலம் – 14: பெட்டி வராத வெள்ளிக்கிழமை

சென்ற வாரம் பாலாற்றங்கரையில் நிறுத்தியிருந்தோம். மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம். அன்றைக்கு அது மைசூர் மாவட்டம். 1993 ஏப்ரல் 9-ம் தேதி சந்தனக் கடத்தல் வீரப்பனின் கண்ணிவெடியில் 22 பேரைப் பலிகொண்ட பாலாறு.

அந்தப் பக்கத்துக் காடுகளுக்குள் 1996-ல் நக்கீரன் பத்திரிகைக் குழு நுழைந்தது. கையில் வீடியோ கேமரா. வீரப்பன் மணிக்கணக்கில் பேசினார், சிரித்தார், மிரட்டினார். அத்தனையும் டேப்பில் பதிவாகி, தொலைக்காட்சி வழியாக வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது.

35 எம்.எம். கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அது நடந்திருக்காது. 400 அடி ரோல் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கறுப்புப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, கண்ணால் பார்க்காமல், விரல் நிதானத்திலேயே அடுத்த ரோலை மாட்ட வேண்டும். துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவரிடம் “கொஞ்சம் பொறுங்க, ரோல் மாத்திக்கிறோம்” என்று எத்தனை தடவை சொல்ல முடியும்?

ஆனாலும் கோடம்பாக்கம் அசரவில்லை. வீடியோ என்றால் அவர்களுக்குச் செய்தி. அதை விட்டால் கல்யாண வீடியோ. சினிமா என்பது சுருள்தான். வீடியோ எந்தக் காலத்திலும் சினிமா ஆகாது என்றுதான் அன்று பெரும்பாலானவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்த கதைதான் இந்த வாரம். உடைந்த இடம் படப்பிடிப்புத் தளம் அல்ல.

*

ஒளிப்பதிவாளரின் துணிச்சல்

2002-ல் ஜார்ஜ் லூகாஸ் ஸ்டார் வார்ஸ் வரிசையின் புதிய படத்தை முழுக்க டிஜிட்டல் கேமராவில் எடுத்து வெளியிட்டார். சினிமாவைப் போலவே வினாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும் ஹெச்.டி. கேமரா அவருக்காக உருவானது. உலகமெங்கும் ஒளிப்பதிவாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

சென்னையில் முதலில் கை வைத்தவர்களில் ஒருவர் பி.சி.ஸ்ரீராம். ‘நாயகன்’ படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் சுருளில் தீட்டிக் காட்டியவர். சுருளின் அருமை அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. அவரே 2004-ல் தான் இயக்கிய ‘வானம் வசப்படும்’ படத்துக்கு டிஜிட்டலைத் தேர்ந்தெடுத்தார்.

படம் வந்தது, போனது. வசூல் இல்லை. ஆனால் மற்றொருவர் அதற்குள் அடுத்த காயை நகர்த்தியிருந்தார்.

கமல்ஹாசனுக்குப் புதுக் கருவி என்றால் பொறுக்காது. 1994-ல் ‘மகாநதி’க்காகப் படத்தொகுப்பை மூவியோலா மேசையிலிருந்து ‘அவிட்’ கணினிக்கு மாற்றியவர். பத்தாண்டு கழித்து கேமராவையே மாற்றத் தயாரானார். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில், ராஜ்கமல் தயாரிப்பில், தமிழிலும் இந்தியிலுமாக ‘மும்பை எக்ஸ்பிரஸ்’. ஒளிப்பதிவு சித்தார்த் ராமசாமி. டிஜிட்டலில் எடுத்த படத்தில் ஒரு பெரிய நட்சத்திரம். இனி யாரும் இதைச் சோதனை முயற்சி என்று ஒதுக்க முடியாது.

*

2005, ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. திரையரங்கு வாசல்களில் மூன்று போஸ்டர்கள்.

பி.வாசு இயக்கத்தில் ரஜினியின் ‘சந்திரமுகி’. ஜான் மகேந்திரன் இயக்கத்தில் விஜய்யின் ‘சச்சின்’, ஒளிப்பதிவு ஜீவா. கமலின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’.

முதல் இரண்டும் சுருளில் எடுத்தவை. மூன்றாவது டிஜிட்டல்.

யாரும் திட்டமிடாமலேயே ஒரு போட்டி அமைந்துவிட்டது. ஒரே நாளில், பல ஊர்களில் ஒரே தெருவில், இரண்டு தொழில்நுட்பங்கள் பக்கத்துப் பக்கத்துத் திரையில். டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தொழில்காரர்கள் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

முடிவு ஊரறிந்தது. ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ சீக்கிரமே ஓய்ந்தது.

கதை, நட்சத்திரம், நகைச்சுவையின் தன்மை என்று வசூலுக்கு ஆயிரம் காரணம் உண்டு. கேமராவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் ‘டிஜிட்டலை நம்பாதே’ என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வாகான சாட்சி கிடைத்திருக்காது.

உண்மையில் அந்தப் படத்துக்கு நேர்ந்தது என்ன?

*

லேசர் வரைந்த படம்

முதல் சிக்கல் கேமராவுக்குள் இருந்தது. அன்றைய ஹெச்.டி. கேமராக்களின் சென்சார் மிகச் சிறியது. 35 எம்.எம். ஃபிரேமோடு ஒப்பிட்டால் பாதி அகலம்கூட வராது. சென்சார் சின்னதானால் முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரும் மரமும் கூர்மையாகவே தெரியும். நாயகியின் முகத்தை மட்டும் தெளிவாக வைத்து, பின்னணியைக் கரைத்துவிடும் அந்த சினிமா மயக்கம் எளிதில் கைவராது. ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்: “டிவி மாதிரி இருக்கே!”

அடுத்தது வெளிச்சம். நம்மூர் மத்தியான வெயிலில் வெள்ளை வேட்டியையும், வேப்ப மர நிழலில் நிற்கும் முகத்தையும் ஒரே ஷாட்டில் தாங்க நெகடிவால் முடியும். அன்றைய டிஜிட்டலுக்கு அந்தப் பொறுமை இல்லை. முகத்தைக் காப்பாற்றினால் வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகும். வேட்டியைக் காப்பாற்றினால் முகம் இருண்டுபோகும்.

இவ்வளவையும் லைட்டிங்கில் சமாளித்தாலும் மூன்றாவது சிக்கல் காத்திருந்தது. எடுத்தது டிஜிட்டல். காட்ட வேண்டியதோ சுருளில். அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இருந்தது 35 எம்.எம். புரொஜெக்டர்தான்.

ஆகவே கணினியில் இருக்கும் படத்தை மறுபடி ஃபிலிமில் ஏற்ற வேண்டும். இருட்டறைக்குள் ஒரு லேசர் ரெக்கார்டர். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கதிர்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் கோடு கோடாக எழுதும். ஒரு ஃபிரேம் முடிந்ததும் சுருள் ஒரு படி நகரும். அடுத்த ஃபிரேம். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள். ஒவ்வொன்றுக்கும் சில வினாடிகள் என்றால் நாள்கணக்கில் எந்திரம் ஓடும். அதிலிருந்து நெகடிவ், அதிலிருந்து பிரதிகள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூர்மை போகும், கொஞ்சம் நிறம் போகும்.

டிஜிட்டலில் எடுத்தால் பிலிம் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள், இந்த மாற்றும் செலவைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

ஆக, 2005-ல் தோற்றது கேமரா மட்டும் அல்ல. அது புறப்பட்டுப் போய்ச் சேர்வதற்கு அந்தப் பக்கம் வாசலே இல்லை.

அந்த வாசலைத் திறக்கும் வேலை சென்னையில் அதே ஆண்டில் நடந்துகொண்டிருந்தது.

*

கேபினுக்குள் வந்த விருந்தாளி

பெட்டி வருவதே ஒரு காலத்தில் திருவிழா. ரிலீஸுக்கு முந்தைய இரவு லேபிலிருந்து கிளம்பிய தகரப் பெட்டிகளுக்குத் திரையரங்கு வாசலில் மாலை, கற்பூரம், வேட்டு. உள்ளே பதினான்கு, பதினைந்து ரீல். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி.

ஒரு பிரதி எடுக்க அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதனால் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் பெட்டி அனுப்ப முடியாது. முதலில் ஏ சென்டர். அங்கே ஓடி ஓய்ந்த பிரதி பி சென்டருக்கு. அதன் பிறகு சி சென்டருக்கு. மேட்டூர், பென்னாகரம் போன்ற ஊர்களின் கொட்டகைகளுக்கு வந்து சேரும்போது பிரதியின் மேல் ஊர்ப்பட்ட கீறல். “படத்துல மழை பெய்யுது” என்பார்கள். ரீல் அறுந்து ஒட்டிய இடத்தில் பாட்டின் பாதி சரணம் காணாமல் போயிருக்கும். நாள் தள்ளிப் போனதற்குள் திருட்டு விசிடி ஊருக்குள் வந்து ஊரே பார்த்திருக்கும்.

இந்த வலியைத் தீர்க்க வந்ததுதான் க்யூப். ஜெயேந்திராவும் செந்தில்குமாரும் 1986-ல் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம், அவிட் படத்தொகுப்பையும் டி.டி.எஸ். ஒலியையும் இந்திய சினிமாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 2005-ல் அவர்கள் க்யூபை அறிமுகம் செய்தார்கள். அதே காலத்தில் மும்பையிலிருந்து யு.எஃப்.ஓ. செயற்கைக்கோள் வழியாகப் படம் அனுப்பக் கிளம்பியது.

சூத்திரம் எளிது. கேபினில் ஒரு சர்வர், ஒரு டிஜிட்டல் புரொஜெக்டர். படம் ஹார்ட் டிஸ்க்கில் வரும், அல்லது வானத்திலிருந்து இறங்கும். பூட்டுப் போட்ட கோப்பு. இந்தத் திரை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று எழுதிய டிஜிட்டல் சாவி வந்தால்தான் திறக்கும். இன்றைக்கும் ரிலீஸ் அன்று காலைக் காட்சி தள்ளிப்போனால் தியேட்டர்காரர் சொல்லும் காரணம் அதுதான்: “கே.டி.எம். இன்னும் வரலை.”

ஆபரேட்டருக்குக் கார்பன் குச்சியும் இல்லை, ரீல் மாற்றும் பதற்றமும் இல்லை. நூறாவது நாளிலும் கீறல் கிடையாது. மிக முக்கியமாக, சென்னையில் ஓடும் அதே வெள்ளிக்கிழமை சிற்றூரிலும் அதே தெளிவோடு படம் ஓடும்.

கவனியுங்கள், இதில் படம் எடுக்கும் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சுருளில் எடுத்த படத்தையும் ஸ்கேன் செய்து இப்படியே காட்டலாம். அப்படித்தான் காட்டினார்கள். 2010-ல் ரத்னவேலு ஒளிப்பதிவு செய்த ‘எந்திரன்’ சுருளில் எடுத்த படம். பல திரையரங்குகள் அதைக் கோப்பாகத்தான் காட்டின.

ஒளிப்பதிவாளர்கள் நிம்மதியாக இருந்தார்கள். மாறியது கேபின்தானே, நம் கேமரா மாறவில்லையே!

*

லேபின் கணக்கு

அந்த நிம்மதியில் ஓட்டை எங்கே என்று தெரிய, லேபின் வரவு செலவுக்குள் போக வேண்டும்.

ஒரு படத்துக்கு ஒரு லட்சம் அடி நெகடிவ் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேப் அதைக் கழுவித் தரும். பிறகு 200 பிரதி. ஒன்றுக்கு 13,500 அடி. மொத்தம் 27 லட்சம் அடி பாசிடிவ். அதாவது லேபுக்கு வந்த வேலையில் 28-ல் 27 பங்கு பிரதி போடுவது. நெகடிவ் கழுவுவது மிச்சம் இருந்த ஒரே ஒரு பங்கு.

பிரசாத், ஜெமினி, ஏவி.எம். என்று கோடம்பாக்கத்தைச் சுற்றி நின்ற லேப்கள் இந்தப் பிரதிகளால் வாழ்ந்தவை.

திரையரங்குகள் ஒவ்வொன்றாக க்யூபுக்கு மாற மாற, 200 பிரதி 100 ஆனது, 100 முப்பதானது. ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியே கிளம்பவில்லை.

நெகடிவ் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆனால் நெகடிவ் கழுவும் எந்திரம் விருந்தாளி வந்த பிறகு பற்ற வைக்கும் அடுப்பு அல்ல. டெவலப்பர் தொட்டி 41 டிகிரி சூட்டிலேயே நிற்க வேண்டும். அரை டிகிரி பிசகினால் நிறம் மாறும். ஃபிலிம் ஓட ஓட ரசாயனத்தின் வீரியம் குறையும்; அளந்து அளந்து ஊற்றிச் சமன் செய்ய வேண்டும். தினமும் ஆயிரக்கணக்கான அடி ஓடினால்தான் அந்தச் சமநிலை நிற்கும். வாரத்துக்கு இரண்டு டப்பா வந்தால் ரசாயனமும் வீண், மின்சாரமும் வீண், ஆள் சம்பளமும் வீண்.

லேப் தடுமாறினால் சுருளில் எடுப்பவர் எங்கே போவார்?

சுருளின் கழுத்தில் கயிறு விழுந்தது தளத்தில் அல்ல, கேபினில். கேபின் மாறியதால் பிரதி நின்றது. பிரதி நின்றதால் லேப் சாய்ந்தது. லேப் சாய்ந்ததால் கேமரா மாறியே ஆக வேண்டியிருந்தது. எது அழகு என்ற விவாதம் முடிவதற்குள் கணக்குப் புத்தகம் தீர்ப்பு எழுதிவிட்டது.

*

மறுபடி கேமரா

இதற்குள் டிஜிட்டல் கேமராவும் பழைய கேமரா அல்ல.

2007-ல் சந்தைக்கு வந்த ரெட் ஒன், 35 எம்.எம். ஃபிரேம் அளவுக்கே சென்சார் வைத்திருந்தது. சினிமா லென்ஸ்களை அப்படியே மாட்டலாம். பின்னணி கரைந்தது, முகம் மிதந்தது. 2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கியபோது, அதில் பெரும்பகுதி மும்பைச் சந்துகளில் சிறிய டிஜிட்டல் கேமராவால் எடுத்தது என்பது தொழிலுக்குள் தீயாய்ப் பரவியது. நாம் ரஹ்மானைக் கொண்டாடிய அதே மேடையில், டிஜிட்டலுக்கும் பட்டாபிஷேகம் நடந்தது.

அதே ஆண்டு ஜூலையில் அருண் வைத்தியநாதனின் ‘அச்சமுண்டு அச்சமுண்டு’ ரெட் ஒன் கேமராவில் அமெரிக்காவில் எடுக்கப்பட்டு வெளியானது. அடுத்து செப்டம்பரில் கமலின் ‘உன்னைப்போல் ஒருவன்’. நான்கு ஆண்டுக்கு முன் அடிபட்ட இடத்துக்கே அவர் திரும்பி வந்தார். இந்த முறை திரும்பிப் போகவில்லை.

பெரிய இடத்துக் கதை இது. சாமானியனுக்கு?

2012 மே மாதம் அதற்கும் பதில் வந்தது. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’. ‘காதல்’ படத்தில் அவரோடு சுருளில் வேலை செய்த விஜய் மில்டன்தான் ஒளிப்பதிவு. கையில் இருந்தது கேனான் 7டி. கடையில் கிடைக்கும் ஸ்டில் கேமரா.

பிளாட்பாரத்துத் தள்ளுவண்டிக் கடையில் நிற்கும் ஒரு பையனின் கதை. தெருவில் பெரிய கேமராவை இறக்கினால் கூட்டம் கூடிவிடும். தெரு தெருவாக இருக்காது. ஸ்டில் கேமராவை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்?

அந்த கேமராவுக்கும் மூச்சு முட்டும். ஒரே மூச்சில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பதிவு செய்யாது. 1,000 அடி ரோல் ஓடுவது பதினோரு நிமிடம். கிட்டத்தட்ட அதே நேரம். ஆனால் ரோல் தீர்ந்தால் பணம் தீர்ந்தது. கார்டு நிறைந்தால் கணினியில் இறக்கிவிட்டு அதையே மறுபடி மாட்டலாம். புதுமுகங்களுக்கு இருபது டேக் வாங்கலாம். ‘ரோல் வீணாகுதே’ என்று தயாரிப்பு நிர்வாகி முகம் சுளிக்க மாட்டார்.

அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஸ்டில் கேமராவில் எடுத்தது என்பதற்காக யாரும் அதை ஒரு படி கீழே வைக்கவில்லை.

தளத்தில் அதிகாரமும் இடம் மாறியது. சுருள் காலத்தில், எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்பது ஒளிப்பதிவாளருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். வெளியூர்ப் படப்பிடிப்பில் டப்பா சென்னைக்குப் போய், கழுவி, ரஷ் பார்க்கும்வரை இயக்குநருக்கே வயிற்றில் புளி கரைக்கும். இப்போது மானிட்டரைச் சுற்றிப் பத்துப் பேர். எல்லோரும் பார்க்கிறார்கள், எல்லோரும் கருத்துச் சொல்கிறார்கள்.

*

விளக்குகள் அணைந்தன

பிறகு எல்லாம் வேகம். ஆரி, பானாவிஷன், ஏட்டன் ஆகிய மூன்று கம்பெனிகளும் புதிய ஃபிலிம் கேமரா செய்வதை 2011-க்குள் நிறுத்திக்கொண்டன. 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது. 2013-ல் ஃபூஜி, சினிமா நெகடிவ் தயாரிப்பைக் கைவிட்டது. கோடம்பாக்கத்து லேப்களில் கழுவும் எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிரசாத் பழைய படங்களை ஸ்கேன் செய்து மீட்டெடுக்கும் வேலைக்குத் திரும்பியது.

பிரதிச் செலவு ஒழிந்தது என்று தயாரிப்பாளர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கேபினில் எந்திரம் வைத்துக் கொடுத்த கம்பெனிகளுக்கு, ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு திரைக்கும் தயாரிப்பாளர் பணம் கட்ட வேண்டும். வி.பி.எஃப். என்று அதற்குப் பெயர். பிரதி இல்லை, பிரதிக்கான கட்டணம் மட்டும் உண்டு. எந்திரத்தின் விலை எப்போதோ தேறிவிட்டது, இன்னும் எத்தனை காலம் கட்டுவது என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. விஷால் அப்போது தலைவர். 2018 மார்ச் 1-ம் தேதி முதல் புதுப்படம் கிடையாது என்று அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டுத் திரைகள் புதுப்படம் இன்றிக் காய்ந்துகொண்டிருந்த அந்த மார்ச் மாதக் கடைசியில், மும்பைக்கு ஒரு விருந்தினர் வந்து இறங்கினார். கிறிஸ்டோபர் நோலன். சுருளை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அவரைச் சந்தித்தவர்களில் கமல்ஹாசனும் ஒருவர். ‘டன்கிர்க்’ படத்தை டிஜிட்டலில் பார்த்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கமலே பிறகு சொன்னார்.

டிஜிட்டலுக்கு முதலில் கொடி பிடித்தவர்களில் ஒருவர், சுருளின் காவலர் முன்னால். இங்கே சென்னையில், டிஜிட்டல் எந்திரத்துக்கு வாடகை கட்ட மாட்டோம் என்று ஒரு தொழிலே கதவைச் சாத்தியிருந்தது.

கேபினில் இருந்த பழைய புரொஜெக்டர்கள் எடைக்குப் போய்விட்டன. லேப்கள் மூடிவிட்டன. சர்வருக்குச் சாவி கொடுப்பவர்கள் விலையைக் குறைக்க மறுத்தால், தயாரிப்பாளர்களுக்குத் திரும்பிப் போக எந்த வழி மிச்சம் இருந்தது?

(அடுத்த வாரம்…)